எழுதாமையின் நியாயம்

இரண்டு மூன்று கதைகளோடு நின்றுவிட்ட ஒருவரிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் 'எழுத வரவில்லை' என்பது. இந்த வாக்கியத்தின் அமைப்பு கவனிக்கத் தக்கது. இதில் எழுதுகிறவன் எழுவாயாக இல்லை; 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறான். வரவேண்டியது வேறெங்கோ இருக்கிறது. மழை வரவில்லை, தூக்கம் வரவில்லை என்பதைப்போல. 'எழுத முடியவில்லை' என்று சொன்னால் பொறுப்பு கொஞ்சம் இவன் பக்கம் நகர்கிறது. திறனைப் பற்றிய பேச்சாகிறது. 'எழுதவில்லை' என்று மட்டும் சொன்னால் அது வெறும் செய்தி. சமாதானம் எதுவும் அதில் இல்லாததால்தானோ என்னவோ, யாரும் அப்படிச் சொல்வதில்லை. இந்த மூன்று வாக்கியங்களுக்கும் இடையிலுள்ள தூரம் இலக்கணம் சம்பந்தப்பட்டது மட்டுமாக எனக்குப் படவில்லை. எழுதாமல் இருப்பதில் எது நேர்மை, எது நேர்மையின் பாவனை என்பதே நான் இங்கு எழுப்ப விரும்பும் கேள்வி.

சிறு பத்திரிகைக்கு வரும் கைப்பிரதிகளைப் படிக்கும் வேலை எனக்குப் பல ஆண்டுகளாக வாய்த்திருக்கிறது. அதில் நான் கண்ட ஒரு விஷயம்: நின்றுபோகிறவர்கள் திறமை குறைந்தவர்கள் இல்லை. திறமை குறைந்தவர்கள் நிற்பதே இல்லை. மாதம் தவறாமல் அவர்களுடைய தபால் வந்துகொண்டிருக்கிறது. முதல் கதையில் ஒரு பத்தியாவது நம்மை நிமிர்ந்து உட்கார வைத்தவர்கள், நன்றாகப் படித்தவர்கள், தாம் எழுதியதன் மேல் தாமே சந்தேகம் கொள்ளத் தெரிந்தவர்கள்தான் நிற்கிறார்கள். ஆகவே இதைத் திறமைப் பஞ்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. சோம்பல் என்று திட்டுவதும் பொருந்தாது. எழுதாத நாட்களில் இவர்கள் படும் அவஸ்தை, எழுதுகிறவர்கள் படும் அவஸ்தையைவிடப் பெரியது.

ரசனையும் கையும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை என்பதுதான் இதன் வேர். ரசனை படிப்பால் வளர்வது. இருபது வயதில் ஒருவன் இரண்டு வருஷம் ஒழுங்காகப் படித்தால் புதுமைப்பித்தனையும் மௌனியையும் செக்காவையும் கடந்து வந்துவிடலாம். எது பொய்யான வாக்கியம், எது செத்த உவமை என்று சொல்லும் காது அவனுக்கு அமைந்துவிடும். கை அப்படி வளராது. கை எழுதி எழுதித்தான் வளரவேண்டும்; அதற்குப் பத்து வருஷம்கூட ஆகலாம். எனவே தொடக்க எழுத்தாளன் என்பவன் தான் எழுதியதைத் தானே நிராகரிக்கும் தகுதியை, அதைத் திருத்தும் தகுதிக்கு முன்பே பெற்றுவிட்டவன். அவன் வாக்கியம் எழுதுகிறான். அவனுக்குள் இருக்கும் வாசகன் முகம் சுளிக்கிறான். அடிக்கிறான்; மறுபடி எழுதுகிறான்; மறுபடி சுளிப்பு. நாலாவது வாக்கியத்தில் பேனா நின்றுவிடுகிறது.

இந்த இடைவெளியிலிருந்து தப்பிக்க இரண்டு சுலபமான வழிகள் உண்டு. ஒன்று, ரசனையைத் தாழ்த்திக்கொள்வது. 'வாசகனுக்குப் புரிய வேண்டாமா' என்ற நியாயத்தோடு அது நடக்கும். சுளிக்கிற முகத்தைத் திருப்பி வைத்துவிட்டால் எழுத்து சரளமாக வரும். பிறகு வந்துகொண்டே இருக்கும். மற்றது, ரசனைக்குள்ளேயே குடியேறிவிடுவது. எழுதுவதை விட்டுவிட்டு மற்றவர்கள் எழுதுவதைத் தீர்ப்புச் சொல்லும் காரியத்தில் இறங்குவது. நம் வட்டத்தில் இப்படிக் குடியேறியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. முன்னதைச் சரணாகதி என்று எல்லோரும் ஏசுகிறோம். பின்னதும் சரணாகதிதான் என்பதை ஏன் சொல்வதில்லை? கை வளரும்வரை அந்த அவமானத்தில் இருக்கச் சம்மதியாததுதான் இரண்டுக்கும் பொது.

ஃப்ளாபேரின் உதாரணத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1849 செப்டம்பரில், இருபத்தேழு வயதில், புனித அந்தோணியாரின் சோதனைகள் பற்றிய தன் பெரிய படைப்பை இரண்டு நண்பர்களுக்கு நான்கு நாட்கள் உரக்கப் படித்துக் காட்டினார். படித்து முடியும்வரை அவர்கள் வாய் திறக்கக்கூடாது என்பது ஏற்பாடு. முடிந்ததும் அதை நெருப்பில் போட்டுவிடு என்று தீர்ப்பு வந்ததாக அந்த இருவரில் ஒருவரான மாக்ஸிம் துகான் பின்னால் எழுதியிருக்கிறார். ஃப்ளாபேர் அதை நெருப்பில் போடவில்லை. தீர்ப்பை உதறவும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து, 1851-ல், ஒரு மாகாணத்து வைத்தியன் மனைவியின் கதையைத் தொடங்கினார். தன் ஸ்வபாவத்துக்கு எதிரான, எடுப்பான பேச்சுக்கு இடமே தராத விஷயம். 'மதாம் பொவாரி'யை எழுத ஏறக்குறைய நாலரை வருஷம் ஆயிற்று. அந்தக் காலத்துக் கடிதங்கள் முழுக்க, ஒரு வாரத்தில் ஒரு பக்கம் தேறவில்லை என்ற புலம்பல். அந்தோணியார் கடைசியில் முற்றிலும் மாறிய உருவத்தில் 1874-ல் அச்சேறினார். நண்பர்களின் தீர்ப்புக்கும் அந்த அச்சுக்கும் இடையில் கால் நூற்றாண்டு.

ஃப்ளாபேருக்குச் சொத்து இருந்தது, ஆற்றங்கரையில் வீடு இருந்தது என்று யாராவது குறுக்கிடக்கூடும். நியாயமான குறுக்கீடு. நம்மில் பலருக்கு வீட்டில் தனி அறை கிடையாது. அறை இருந்தால் மேஜை கிடையாது. மேஜையில் குழந்தையின் பாடப்புத்தகமும் மின்சாரக் கட்டண ரசீதும் கிடக்கும். படைப்பு ஸ்தம்பித்துப்போவதைப் பற்றிப் பேசும்போது இதையெல்லாம் ஸ்தூலக் காரணங்கள் என்று தள்ளுவது ஒரு மேட்டிமைப் பழக்கம். ஸ்தூலம் இல்லாத சூக்ஷ்மம் கிடையாது. ஆனால் ஸ்தூலம் மட்டுமே காரணமாக இருந்தால் காஃப்கா எழுதியிருக்க முடியாது. பகல் இரண்டு மணிவரை தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகம். சத்தம் நிறைந்த பெற்றோர் வீடு. எல்லோரும் தூங்கிய பிறகு எழுத்து. 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து மறுநாள் காலை ஆறு மணிக்குள் 'தீர்ப்பு' என்ற கதையை ஒரே மூச்சில் எழுதி முடித்தார்.

அந்த இரவை நாம் ஆவேசத்தின் அத்தாட்சியாகக் கொண்டாடுகிறோம். அதற்கு முந்தைய நாட்குறிப்புகளைக் கவனிப்பதில்லை. இன்று ஒன்றும் எழுதவில்லை, இன்றும் ஒன்றும் இல்லை என்ற பதிவுகள், பாதியில் முறிந்த கதைத் தொடக்கங்கள், ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்த பக்கங்கள். அந்த எட்டு மணி நேரம் அத்தனை வருஷத்துத் தோல்விகளின் மேல் உட்கார்ந்திருந்தது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இப்படித்தான் எழுத முடியும், உடலும் ஆத்மாவும் முழுக்கத் திறந்த நிலையில்தான் முடியும் என்று அந்த அனுபவத்திலிருந்து அவர் ஒரு விதியை வகுத்துக்கொண்டார். நாவல் ஒரே இரவில் எழுதக்கூடியதல்ல. அவர் முயன்ற மூன்று நாவல்களும் முற்றுப்பெறாமலே நின்றன. அதற்கு வேறு காரணங்களும், நோயும் மரணமும், உண்டு. என்றாலும் ஒரு நல்ல இரவு அடுத்த இரவுகளுக்குக் கொடுங்கோலனாக ஆகக்கூடும் என்பதற்கு இது எச்சரிக்கை. முதல் கதை தற்செயலாக நன்றாக அமைந்துவிட்ட தொடக்க எழுத்தாளனுக்கு நேர்வதும் இதுவே. அந்தக் கதை வந்த விதத்தில் அடுத்ததும் வரவேண்டும் என்று காத்திருந்து காத்திருந்து வருஷங்களைத் தொலைக்கிறான்.

ஜோஸஃப் கான்ராடின் அனுபவம் இதற்கு எதிர்த் திசையில் போகிறது. 'தி ரெஸ்க்யூ' என்ற நாவலை அவர் 1896-ல் தொடங்கினார். நகரவில்லை. பதிப்பாளருக்கும் நண்பர்களுக்கும் எழுதிய கடிதங்களில் அதைப் பற்றிய ஓலம் பரிதாபமானது. மூன்று வருஷம் மல்லாடிவிட்டு ஒதுக்கி வைத்தார். அது 1920-ல்தான் நூலாக வந்தது. இடையில் அவர் சும்மா இருந்தாரா? 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்', 'லார்ட் ஜிம்', 'நாஸ்ட்ரோமோ' எல்லாம் அந்த இடைவெளியில் எழுதப்பட்டவை. தடைப்பட்டது ஒரு நாவல். அதை எழுதியவர் தடைப்படவில்லை. நம் தொடக்க எழுத்தாளன் இந்த வித்தியாசத்தைச் செய்துகொள்வதில்லை. ஒரு கதை நின்றால் தானே நின்றுவிட்டதாக எடுத்துக்கொள்கிறான். ஒரு கதையின் தோல்வியை ஆளின் தீர்ப்பாக மாற்றிக்கொள்வதில் ஒருவித அகங்காரமும் இருக்கிறது. என் கதை என்னைவிடச் சிறியதாக இருக்க நான் அனுமதிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம்.

வெளியிலிருந்து வரும் நிர்ப்பந்தம் படைப்பைக் கெடுத்துவிடும் என்பது நம் வட்டத்தின் அசைக்க முடியாத நம்பிக்கைகளில் ஒன்று. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் பார்த்து நாம் வந்தடைந்த முடிவு அது. 1866-ல் தாஸ்தாயெவ்ஸ்கி ஒரு பதிப்பாளரின் ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டார். நவம்பர் முதல் தேதிக்குள் நாவல் கொடுக்காவிட்டால் ஒன்பது வருஷத்துக்கு அவர் எழுதுவதையெல்லாம் பணம் தராமல் வெளியிடும் உரிமை பதிப்பாளருக்குப் போய்விடும். சுருக்கெழுத்துப் பெண் ஒருத்தியை வைத்து இருபத்தாறு நாட்களில் 'சூதாடி'யைச் சொல்லி முடித்தார். புதுமைப்பித்தனும் பத்திரிகை வேலைக்கும் பணமுடைக்கும் நடுவில்தான் எழுதினார். நாற்பத்திரண்டு வயதில் முடிந்துபோன வாழ்வில் அவகாசம் என்ற ஒன்று அவருக்கு எப்போது இருந்தது? கெடுப்பது நிர்ப்பந்தம் இல்லை. நிர்ப்பந்திக்கிறவன் விரும்பும் பொருளைச் செய்து கொடுக்கச் சம்மதிப்பது. சிறு பத்திரிகை இந்தச் சம்மதத்திலிருந்து நம்மை விடுவித்தது. கூடவே தேதியிலிருந்தும் விடுவித்துவிட்டது. காகிதத்துக்குப் பணம் சேர்ந்தால் வரும் இதழுக்கு எழுதுகிறவன், கதை சேர்ந்தால் எழுதலாம் என்று இருந்துவிடுகிறான். யாரும் கேட்காத எழுத்துக்குத் தானே தேதி குறித்துக்கொள்ளும் கடுமை அவனுக்கு வேண்டியிருக்கிறது.

நம் வட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். முந்நூறு பிரதி அச்சாகும் பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு வாசகன் முகம் தெரியாதவன் இல்லை. யார் படிப்பார்கள், யார் எந்த வரியில் நிறுத்துவார்கள், யார் அடுத்த சந்திப்பில் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் எழுதும் முன்பே தெரியும். பெரும் பத்திரிகைக்காரன் லட்சம் பேருக்குப் பயப்படுகிறான் என்றால் இவன் பத்துப் பேருக்குப் பயப்படுகிறான். லட்சம் பேர் என்பது ஒரு எண். பத்துப் பேர் என்பது பத்து முகங்கள். அந்தப் பத்து முகங்களையும் மேஜைக்கு எதிரில் உட்கார வைத்துக்கொண்டு முதல் வரியை எழுத எந்த மனிதனால் முடியும்?

இங்கே ஒரு குழப்பத்தைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். பொய்யான வாக்கியத்தை எழுதக்கூடாது என்ற அறம் நம்முடையது. அதை நான் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த அறம் எந்த இடத்தில் செயல்பட வேண்டும்? வெளியிடும் இடத்தில். ஒரு வாக்கியம் பொய் என்று தெரிந்தே அதை அச்சுக்கு அனுப்புவது குற்றம். அதை எழுதிப் பார்ப்பது குற்றமாகாது. எழுதிப் பார்க்காமல் அது பொய் என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை. கைப்பிரதி என்பது அந்தரங்கம். கனவில் செய்ததற்கு யாரும் நம்மைத் தண்டிப்பதில்லை அல்லவா? நின்றுபோகிற எழுத்தாளன் வாசலில் உட்கார வேண்டிய நீதிபதியை அடுக்களையில் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுகிறான். பிறகு சமையல் எப்படி நடக்கும்? நீதிபதியை வேலையிலிருந்து நீக்க வேண்டியதில்லை. அவருடைய நேரம் வேறு என்று சொல்லி வைத்தால் போதும். காலையில் எழுது, ஒரு வாரம் கழித்துத் தீர்ப்புச் சொல் என்று நான் இளைஞர்களிடம் சொல்வதுண்டு. தொழில் யோசனை மாதிரி தோன்றினாலும் ஒழுக்கத்தைப் பற்றிய விஷயமாகவே இதைச் சொல்கிறேன்.

மௌனத்துக்கு நம்மிடையே ஏற்பட்டுவிட்ட மகிமையையும் பேசாமல் விட முடியாது. மௌனி 1936-ல் மணிக்கொடியில் எழுதத் தொடங்கி வாழ்நாள் முழுவதற்கும் இருபத்துநான்கு கதைகள் அளவில்தான் எழுதினார். ஹுவான் ருல்ஃபோ 1953-லும் 1955-லும் இரண்டு மெலிந்த புத்தகங்களைத் தந்துவிட்டு, 1986-ல் இறக்கும்வரை மிகச் சொற்பமாகவே வெளியிட்டார். கேட்டவர்களிடம், தனக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்த மாமா இறந்துவிட்டார் என்று பதில் சொல்வாராம். இவர்களை வைத்துக் குறைவாக எழுதுவதே ஆழத்தின் லக்ஷணம் என்று ஒரு தர்க்கம் நம் பேச்சில் புழங்குகிறது. மௌனியின் மௌனத்துக்கு முன்னால் மௌனியின் கதைகள் இருக்கின்றன. ருல்ஃபோவின் மௌனத்துக்கு முன்னால் 'பெத்ரோ பாராமோ' இருக்கிறது. சொல்லி முடித்தவனின் மௌனத்தை, சொல்லத் தொடங்காதவன் வாரிசாகப் பெற முடியாது. அது உழைத்துச் சேர்த்தவனின் ஓய்வூதியம்.

மௌனமெல்லாம் போலி என்று இதற்கு அர்த்தமில்லை. ந. பிச்சமூர்த்தி நீண்ட காலம் எழுதாமல் இருந்து, 1959-ல் 'எழுத்து' தொடங்கிய பிறகு கவிதைக்குத் திரும்பியவர். சுந்தர ராமசாமி 'ஒரு புளியமரத்தின் கதை'யை 'சரஸ்வதி'யில் தொடங்கி, அது நின்றுபோய், 1966-ல்தான் நூலாக முடித்தார். அதற்குப் பின்னும் ஓர் ஆறு வருஷ இடைவெளி. 1973-ல் 'பல்லக்குத் தூக்கிகள்' போன்ற கதைகளோடு திரும்பி வந்தபோது பழைய சுந்தர ராமசாமி அங்கே இல்லை. முந்தைய கதைகளின் சரளமும் கேலியும் அடங்கி, இறுகிய வேறொரு மொழி. பழைய விதத்தில் இன்னும் பத்துக் கதைகள் எழுதியிருக்க அவரால் முடிந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். முடிந்ததைச் செய்ய மறுத்த மௌனம் அது. இந்த மௌனத்தையும் அச்சத்தால் வந்த மௌனத்தையும் பிரிக்க ஒரு கேள்வி உதவும். நீ எழுத மறுப்பது உனக்கு எளிதாகிவிட்ட ஒன்றையா, இன்னும் கடினமாக இருக்கும் ஒன்றையா? எளிதானதை மறுத்தால் அது வளர்ச்சி. கடினமானதை மறுத்துவிட்டு அதற்கு மௌனம் என்று பெயர் வைத்தால் அந்தப் பெயர் பொய்.

கடினம் என்பது என்ன? பெரும்பாலும் அது உத்தி சம்பந்தப்பட்டதாக இருப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு நண்பரைப் பற்றிச் சொல்கிறேன். கரிசல் பக்கத்து ஊர்க்காரர். ஊர் ஊராக மாற்றல் வரும் உத்தியோகம். இரண்டு கதைகள் எழுதினார். மூன்றாவது கதை ஒரு இடத்தில் நின்றது. வருஷக் கணக்கில் நின்றது. வடிவம் கைகூடவில்லை, கோணம் சரியாக அமையவில்லை என்றெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கதையில் ஒரு தகப்பனார் தேநீர்க் கடைக்குப் போகிறார். அவருக்கு வேறு தம்ளர். பையன் கூட நிற்கிறான். தகப்பனார் வாய் திறந்து கடைக்காரரைக் கூப்பிட வேண்டும். அங்கேதான் நின்றிருந்தது கதை. 'ஐயா' என்று எழுதினால் பொய். உண்மையில் அவர் கூப்பிடும் சொல்லை எழுதினால் ஊர் தெரிந்துவிடும், தெரு தெரிந்துவிடும், அந்தப் பையன் யாரென்றும் தெரிந்துவிடும். ஒரே ஒரு விளிச்சொல். அதை எழுதாமல் இருக்க அவர் தத்துவம், உருவம், கதைசொல்லியின் கோணம் எல்லாவற்றையும் குடைந்து பார்த்திருக்கிறார்.

இது அவர் ஒருவருடைய சங்கடம் இல்லை. தமிழில் கதை எழுதுகிறவன் ஒரு பாத்திரத்தை வாய் திறந்து பேச வைத்த உடனே ஊரும் சாதியும் வெளியே வந்துவிடுகின்றன. 'வாங்க' என்பதா, 'வாரும்' என்பதா, 'வாடா' என்பதா. அப்பாவா, ஐயாவா, நைனாவா, அத்தாவா. நடுநிலையான பேச்சுத் தமிழ் என்று ஒன்று கிடையாது. வானொலி நாடகத்துக்காகத் தயாரித்த ஒரு தமிழ் உண்டு. அதில் பேசும் மனிதர்கள் யாருக்கும் பிறந்தவர்களாகத் தெரிவதில்லை. தொடக்க எழுத்தாளன் இந்த அம்பலப்படுதலுக்கு அஞ்சி வானொலித் தமிழில் உரையாடலை எழுதுகிறான்; அது செத்துக் கிடக்கிறது; தனக்கு உரையாடல் வரவில்லை என்று முடிவு கட்டுகிறான். கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சை உரையாடலோடு நிறுத்தாமல் கதை சொல்லும் குரலுக்கே கொண்டுவந்தார். 1982-ல் அந்த வட்டார வழக்குக்கு ஒரு சொல்லகராதியே தொகுத்து வைத்தார். பூமணியின் 'பிறகு' 1979-ல் வந்தது. சக்கிலியத் தெருவின் பேச்சு அதில் யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் நடமாடியது. 1992-ல் பாமாவின் 'கருக்கு' முழுக்கவே பேச்சுத் தமிழில் வெளிவந்தது. இந்த எழுத்துகளைத் திறந்துவிட்டது புது உத்தி என்று விமர்சகர்கள் சொல்லலாம். மறைக்க இனி ஒன்றுமில்லை என்ற தீர்மானம்தான் முதலில் வந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஆனால் மறைக்கக் கூடாது என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? அந்தத் தம்ளர் தகப்பனாருடையது, அவமானமும் அவருடையது. மகன் எழுத்தாளனாக ஆகவேண்டும் என்பதற்காக அவர் மறுபடி ஒருமுறை அந்தக் கடை வாசலில் நிற்க வேண்டுமா? இந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. எழுத்து மற்றவர்களின் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ளும் காரியம். எடுத்துக்கொள்வதற்குக் கூசுகிற மனசு நல்ல மனசு. எழுதத் தடைப்பட்டவர்களில் கணிசமானவர்கள் இந்தக் கூச்சத்தால்தான் தடைப்பட்டிருக்கிறார்கள். அம்மாவின் பிடிவாதம், அண்ணனின் கடன், கல்யாணமாகாத அத்தை. அந்தக் கதவுவரை வந்துவிட்டு, விஷயம் கிடைக்கவில்லை என்று திரும்பிப் போகிறார்கள். கூசுவது தப்பில்லை. கூச்சத்துக்கு விஷயப் பஞ்சம் என்று பெயர் சூட்டுவதுதான் கேட்டை விளைவிக்கிறது. பெயரை மாற்றிய பிறகு அதோடு பேச முடியாது.

முன்னால் செய்த பாகுபாடு இங்கே உதவும். எழுதுவது வேறு, வெளியிடுவது வேறு. தகப்பனாரின் அனுமதி வேண்டியது இரண்டாவதற்கு. முதலாவதற்கு வேண்டியது, நடந்ததை நடந்தபடி பார்க்கும் திராணி மட்டும். நண்பர் கடைசியில் அந்தச் சொல்லை எழுதினார். எழுதியதும் மிச்சக் கதை நான்கு பக்கத்தில் முடிந்துவிட்டது. இரண்டு வருஷம் பெட்டியிலேயே வைத்திருந்தார். பிறகு ஒரு விடுமுறையில் தகப்பனாருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். அவர் கேட்டது ஒன்றுதானாம்: "கடைக்காரர் பேரைப் போட்டுட்டியா?" போடவில்லை என்று மகன் சொல்லியிருக்கிறார். "பெறகென்ன" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாராம். தன் அவமானத்தைவிட அடுத்தவன் பெயர் கெடுவது பற்றி அவருக்கு இருந்த கவலையை நண்பர் எதிர்பார்க்கவில்லை. எழுதியிருக்காவிட்டால் அவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. கதை சொன்னதைவிட, கதை எழுதியதால் தெரியவந்தது பெரிதாக இருந்தது.

நின்றுபோகும் கைப்பிரதிகளில் இன்னொரு வகையும் உண்டு. அதற்கு நம் விமர்சனமே பொறுப்பு. அந்நியமாதல், இருப்பின் அபத்தம், சூன்யம் என்று நாம் பேசியதைக் கேட்டு வளர்ந்தவன் கருத்தை முதலில் எடுத்துக்கொண்டு அதற்கு ஆள் தேடுகிறான். பெயரில்லாத ஒருவன் பெயரில்லாத ஒரு அறையில் உட்கார்ந்திருக்கிறான். ஜன்னல் வழியே பார்க்கிறான். மூன்றாம் பக்கத்தில் அவனுக்குச் செய்ய ஒன்றுமில்லை, எழுதுகிறவனுக்கும் இல்லை. அந்த ஆளுக்கு ஒரு வேலை கொடுங்கள், மாசக் கடைசியில் கடன் கேட்க ஒரு வீட்டுக்கு அனுப்புங்கள், அந்த வீட்டில் கதவு திறப்பவர் யார் என்று பாருங்கள் என்று நான் சொல்வேன். அபத்தம் இருந்தால் அது அந்த வாசற்படியில் தானே தெரியும். தெரியாவிட்டால் அதை நாம் இரவல் வாங்கியிருக்கிறோம் என்று அர்த்தம். ஒரு கருத்து தீர்ந்துபோகும்; ஒரு வீடு தீர்ந்துபோகாது. பாட்டி பெட்டியைப் பூட்டிச் சாவியை எங்கே செருகுவாள் என்பதிலிருந்து தொடங்குகிறவனுக்கு அடுத்த வாக்கியம் கிடைத்துவிடுகிறது, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வியாகவாவது.

இவ்வளவு சொன்ன பிறகும் எழுதாமல் நின்றுவிடுகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் நின்றதால் தமிழுக்கு ஈடுசெய்ய முடியாத நஷ்டம் என்று நான் ஒப்பாரி வைக்கப் போவதில்லை. நல்ல வாசகனாக வாழ்வது கௌரவமான வாழ்க்கை. எழுதியே தீரவேண்டும் என்று நம்மை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. எழுதாமல் போனால் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாமல் போகாது. நிர்ப்பந்தம் இல்லாத இந்த நிலைதான் நம் கஷ்டம் முழுவதும். கேட்டவர் இல்லாததால், எழுதவில்லை என்றால் மன்னிக்கவும் ஒருவர் இல்லை. மிஞ்சுவது நம்மிடம் நாம் சொல்லிக்கொள்ளும் காரணம் ஒன்றுதான். அந்தக் காரணமாவது உண்மையாக இருக்கட்டும். பயமாக இருந்தால் பயம் என்றும், கூச்சமாக இருந்தால் கூச்சம் என்றும், கை இன்னும் பழகவில்லை என்றால் அப்படியேயும் சொல்லிக்கொள்வோம். பயத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுத முடியும். கூச்சத்தைப் பற்றி ஒரு கதையே எழுத முடியும். 'வரவில்லை' என்பதைப் பற்றி எழுத எதுவுமில்லை.